சேலத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு அமெரிக்க ஃபுட்பால்காரரைப் படிப்பது எப்படி

ஒரு அமெரிக்க ஃபுட்பால் வீரரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற வேலை, யூடியூபில் பேரைத் தட்டி, பாட்டு சேர்த்து வெட்டி ஒட்டின பத்து நிமிட வீடியோ ஒன்றைப் பார்ப்பது. பார்த்து முடித்ததும் 'செமையா ஓடுறான்' என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் நிற்காது. வீடியோவே வேண்டாம் என்று சொல்லவில்லை, அது அப்புறம். முதலில் ஒரே ஒரு வீரரை எடுத்துக்கொண்டு, அவர் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து ஆட்டத்தை விட்டுப் போனது வரை வருடம் வருடமாகப் படியுங்கள். ஒருவரை ஒழுங்காகப் படித்துவிட்டால் அந்த விளையாட்டே பாதி பிடிபட்டுவிடும்.

யாரை எடுப்பது? ஆடி முடித்துவிட்ட ஒருவரை. இப்போது ஆடுகிறவரை எடுத்தால் வாராவாரம் ஒரு கூட்டம் தலையில் தூக்கிவைத்து ஆடும், இன்னொரு கூட்டம் திட்டும், அந்தச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. அப்புறம், ரன்னிங் பேக்காகப் பாருங்கள், அதாவது பந்தைக் கையில் வாங்கி இடுக்கிக்கொண்டு ஓடுகிறவர். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கைப் புரிந்துகொள்ள நிறைய விதி தெரிய வேண்டும், ஓடுகிறவருக்கு அவ்வளவு வேண்டாம். என் சிபாரிசு பேரி சாண்டர்ஸ். 1968ல் கான்சாஸ் மாநிலத்து விசிட்டாவில் பிறந்தவர், அப்பா கூரை வேய்கிற வேலை செய்தவர், உயரம் 5 அடி 8 அங்குலம்தான். ஐந்து ரோட்டில் டவுன் பஸ்ஸில் பக்கத்தில் நின்றால் உயரத்துக்காக யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், தொடையைப் பார்த்தால் ஒருவேளை பார்ப்பார்கள்.

விதி இவ்வளவு தெரிந்தால் போதும். ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு, அதற்குள் 10 கெஜம் முன்னால் போயிருக்க வேண்டும், போய்விட்டால் மறுபடி 4 வாய்ப்பு, போகாவிட்டால் பந்து எதிரணிக்கு. மைதானம் 100 கெஜ நீளம், இரு முனையிலும் 10 கெஜ எல்லைப் பகுதி, அதற்குள் பந்தோடு போய்விட்டால் டச்டவுன், 6 புள்ளி. 10 கெஜம் எவ்வளவு என்று தெரிய காந்தி மைதானம் வரை போக வேண்டாம், கிரிக்கெட் பிட்ச் 22 கெஜம், அதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. இந்த அளவு கண்ணில் பதிந்துவிட வேண்டும், ஏனென்றால் இனி நாம் பார்க்கப்போகும் எண்ணெல்லாம் கெஜம்தான். 'ஒரு ஓட்டத்துக்கு 5 கெஜம்' என்று படிக்கும்போது, பிட்ச்சில் கால்வாசிக்கும் குறைவான தூரத்துக்கு 11 பேர் சேர்ந்து ஒருவனை மறிக்கிறார்கள் என்று தோன்ற வேண்டும், அப்போதுதான் அந்த 5 ஏன் பெரிய எண் என்று விளங்கும்.

அடுத்து அட்டவணையைத் திறங்கள். ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் என்ற தளத்தில் எல்லா வீரருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது, காசு கேட்காது. அதே ஆட்கள் கல்லூரிக் கணக்குக்கும் தனித் தளம் வைத்திருக்கிறார்கள். ஏகப்பட்ட கட்டங்கள் இருக்கும், பயப்பட வேண்டாம், ஐந்தைப் பார்த்தால் போதும்: எத்தனை ஆட்டம், எத்தனை முறை பந்தோடு ஓடினார், மொத்தம் எத்தனை கெஜம், ஓட்டத்துக்குச் சராசரி எவ்வளவு, எத்தனை டச்டவுன். கூடவே அந்த வருடம் அவருடைய அணி எத்தனை ஜெயித்தது, எத்தனை தோற்றது என்பதை ஒரு தாளில் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், சாண்டர்ஸ் விஷயத்தில் கதையே அதில்தான் இருக்கிறது.

கல்லூரிப் பகுதியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். நமக்கு இது பழக்கமில்லாத ஏற்பாடு. நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆரம்பித்து, சென்னை கிளப் கிரிக்கெட், 2015ல் ரஞ்சி, 2017ல் ஐபிஎல் ஏலத்தில் 3 கோடி, பிறகு ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வடிவத்திலும் இந்தியாவுக்கு ஆடினார் என்று போனவர், அந்த வழியில் கல்லூரி அணிக்கு வேலையே இல்லை. அமெரிக்காவில் அப்படிக் கிளப் படிக்கட்டு கிடையாது. பள்ளியில் ஆடுகிறவனைப் பல்கலைக்கழகம் ஸ்காலர்ஷிப் கொடுத்துக் கூப்பிட வேண்டும், பள்ளி முடித்து மூன்று வருடமாவது ஆகியிருந்தால்தான் சம்பளத்துக்கு ஆடும் பெரிய லீக்கான என்.எஃப்.எல். வாசல் திறக்கும். அதனால் அங்கே கல்லூரி ஆட்டம் என்பது நம்ம இன்டர் காலேஜ் மேட்ச் மாதிரி நண்பர்கள் நாலு பேர் கைதட்டுகிற விஷயம் இல்லை, பெரிய பல்கலைக்கழகங்களில் ஒரு லட்சம் பேர் உட்காரும் மைதானமே இருக்கிறது.

சாண்டர்ஸ் ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1986, 1987 இரண்டு வருடமும் அவர் முதல் ஆள் இல்லை, அவருக்கு முன்னால் தர்மன் தாமஸ் என்று ஒருவர் இருந்தார், அவரும் பின்னால் பஃபலோ பில்ஸ் அணியில் பெரிய பேர் வாங்கினவர்தான். இந்த மாதிரி வெற்று வருடங்களை அட்டவணையில் பார்க்கும்போது 'சரியா ஆடல போல' என்று முடிவு கட்டாமல், அந்த வருடம் அதே இடத்தில் வேறு யார் ஆடினார்கள் என்று பாருங்கள். தாமஸ் போனதும் 1988 வந்தது. 11 ஆட்டம், 344 ஓட்டம், 2,628 கெஜம், 37 டச்டவுன். அதற்கு முன் இருந்த சாதனை 1981ல் மார்கஸ் ஆலன் எடுத்த 2,342. நான்கு ஆட்டங்களில் 300 கெஜத்துக்கு மேல். கல்லூரியின் ஆகச் சிறந்த வீரருக்குத் தரும் ஹைஸ்மன் டிராஃபி அவருக்குத்தான் என்று அறிவித்தபோது மனிதர் அமெரிக்காவிலேயே இல்லை, டெக்சாஸ் டெக் அணியோடு ஆட டோக்கியோவில் இருந்தார், அந்த ஆட்டத்தில் 332 கெஜம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு எச்சரிக்கை. சீசன் முடிந்தபின் நடந்த ஹாலிடே பவுல் ஆட்டத்தில் வயோமிங் அணிக்கு எதிராக இன்னும் 222 கெஜம், 5 டச்டவுன் எடுத்தார், ஆனால் அந்தக் காலத்தில் பவுல் ஆட்டத்தைச் சீசன் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். 2002லிருந்துதான் சேர்க்கிறார்கள். ஆகவே இப்போது யாராவது 13, 14 ஆட்டம் ஆடி அவரை நெருங்கிவிட்டார் என்று செய்தி வந்தால், எத்தனை ஆட்டத்தில் என்று கேளுங்கள், சண்டை பாதி அங்கேயே முடிந்துவிடும்.

கல்லூரியிலிருந்து வருகிற ஆட்களை என்.எஃப்.எல். அணிகள் எடுத்துக்கொள்ளும் டிராஃப்ட் என்பதை ஐபிஎல் ஏலம் என்று நினைத்துக்கொண்டால் எல்லாம் தப்பாகப் புரியும். ஏலத்தில் காசு அதிகம் சொல்கிறவனுக்கு ஆள். டிராஃப்டில் காசே பேசுவதில்லை, போன வருடம் மோசமாக ஆடிய அணிக்கு முதல் தேர்வு, அது வரிசையாகப் போகும், வீரருக்கு எந்த ஊர் வேண்டும் என்று சொல்ல உரிமை இல்லை. நல்ல ஆள் என்றால் நல்ல அணிக்குப் போக மாட்டார், உதவாக்கரை அணிக்குத்தான் போவார் என்பதுதான் இதன் விளைவு, ஒரு வீரரின் வாழ்க்கையில் பாதியை அந்த ஒரு நாள் தீர்மானித்துவிடும். 1989 டிராஃப்டில் முதல் ஐந்து பேர்: ட்ராய் ஏக்மன், டோனி மாண்டரிச், பேரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியான் சாண்டர்ஸ். இதில் நான்கு பேர் பின்னால் பெரிய வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பிடித்தவர்கள், சாண்டர்ஸுக்கு முன்னால் எடுக்கப்பட்ட மாண்டரிச் மட்டும் இல்லை. முதல் ஆளான ஏக்மன் டல்லாஸ் போய் மூன்று சூப்பர் பவுல், அதாவது என்.எஃப்.எல். இறுதி ஆட்டம், ஜெயித்தார். மூன்றாவது ஆளான நம்மவர் டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போனார், அங்கே பத்து வருடத்தில் பிளேஆஃபில் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம்.

சம்பளப் பேச்சு இழுத்து, பயிற்சி முகாமுக்கே வராமல், சீசன் தொடங்கும் நேரத்தில்தான் கையெழுத்துப் போட்டார். முதல் ஆட்டத்தில் மூன்றாம் பகுதியில் இறங்கி, முதல் ஓட்டமே 18 கெஜம், மொத்தம் 9 ஓட்டத்தில் 71 கெஜமும் ஒரு டச்டவுனும். அந்த முதல் சீசன் முடிவில் ஒரு விஷயம் நடந்தது, இதை அட்டவணை மட்டும் பார்க்கிறவர்கள் தவறவிடுவார்கள். அவர் 1,470 கெஜம், கான்சாஸ் சிட்டியின் கிறிஸ்டியன் ஒகோயே 1,480. கடைசி ஆட்டத்தில் அணி ஜெயிக்கிற நிலையில் இருந்தது, இன்னும் ஒருமுறை இறங்கினால் அந்த வருடத்தின் அதிகக் கெஜப் பட்டம் கிடைக்கும், இறங்குகிறாயா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். தன்னடக்கம் என்று சொல்லிப் புகழ்வது சுலபம். எனக்கு என்னவோ இந்த மனிதர் பின்னால் செய்யப்போகும் ஒரு காரியத்துக்கான முன்னறிவிப்பு அங்கேயே இருந்தது என்று படுகிறது, எண்ணுக்காக ஆடுகிற ஆள் இல்லை என்பது முதல் வருடமே தெரிந்துவிட்டது. போகட்டும், அதே வரியில் ஓட்ட எண்ணிக்கையையும் பாருங்கள்: ஒகோயே 370 முறை ஓடி எடுத்ததை இவர் 280 முறையில் ஏறக்குறைய எடுத்திருக்கிறார்.

இதுதான் பழக வேண்டிய பார்வை, மொத்தத்தைப் பார்த்தவுடன் பக்கத்துக் கட்டத்துக்குக் கண் போக வேண்டும். பேரி சாண்டர்ஸ் 10 சீசன், 3,062 ஓட்டம், 15,269 கெஜம், சராசரி 5. இன்னொரு ரன்னிங் பேக்கான எம்மிட் ஸ்மித் 15 சீசன், 4,409 ஓட்டம், 18,355 கெஜம், சராசரி 4.2. மொத்தக் கெஜப் பட்டியலில் ஸ்மித்தான் மேலே. யார் பெரிய ஆள் என்று கேட்டால் ஒரு ஓட்டம் வேண்டுமென்றால் சாண்டர்ஸ், 15 வருடம் அணியைச் சுமக்க வேண்டுமென்றால் ஸ்மித் என்பேன், ஸ்மித்துக்கு முன்னால் டல்லாஸில் வழிவிட்டுக் கொடுத்த கனத்த ஆட்களின் வரிசை என்.எஃப்.எல். வரலாற்றிலேயே பேர்போன ஒன்று என்பதையும் சேர்த்துச் சொல்வேன். 15,269 கெஜம் என்பது கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏற்காட்டுக்குக் கிளம்பினால் அடிவாரம் தாண்டி மலை ஏறத் தொடங்கியிருப்போம், ஏரிக்கு இன்னும் வெகுதூரம். பத்து வருடத்தில் அவ்வளவுதான் தூரம், ஆனால் அதற்குள் மூவாயிரம் தடவை நூறு கிலோ ஆட்கள் மேலே விழுந்திருக்கிறார்கள்.

சராசரி 5 என்றதும் ஒவ்வொரு முறையும் அழகாக 5 கெஜம் போனார் என்று எண்ணிவிடக் கூடாது. பின்னால் ஓடி, சுற்றி, இன்னும் பின்னால் ஓடி, மாட்டிக்கொண்டு கெஜம் இழப்பதில் அவர் மன்னன். மைனஸ் 2, பூஜ்யம், 3, மைனஸ் 1, திடீரென்று 60, இப்படித்தான் அவருடைய ஒரு மாலை போகும். 1994 சீசனில் 1,883 கெஜம் எடுத்து எல்லாரையும் விட முன்னால் நின்றவர், அந்த வருடத்துப் பிளேஆஃபில் க்ரீன் பே அணிக்கு எதிராக 13 முறை ஓடி எடுத்தது மைனஸ் 1 கெஜம். மைனஸ் ஒன்று! வெட்டி ஒட்டின வீடியோவில் இந்த ஆட்டம் வரவே வராது.

இப்போது வீடியோ பார்க்கலாம். பந்தைப் பார்க்காதீர்கள், பந்து அவர் கையில்தான் இருக்கிறது, எங்கேயும் போகாது. முதல் தடவை அவர் காலை மட்டும் பாருங்கள், இரண்டாம் தடவை அவரைப் பிடிக்க வருகிறவனை மட்டும் பாருங்கள், மூன்றாம் தடவை முழுதாக. எங்கள் தெருவில் கபடி ஆடுகிற பையன் ஒருவன் இருக்கிறான், கவர் பாயிண்ட்டில் நிற்பவன், அவனிடம் 1992 ஜனவரி 5ல் டல்லாஸுக்கு எதிராக அவர் ஓடிய 47 கெஜ டச்டவுனைப் போனில் காட்டினேன். மேலே சொன்ன அந்த ஒரே பிளேஆஃப் வெற்றி, 38க்கு 6. நடுவில் நான்கைந்து பேர் சூழ்ந்து ஆள் காணாமலே போய்விடுகிறார், முடிந்தது என்று நினைக்கும்போது அந்தக் கும்பலிலிருந்து தனியாக வெளியே வந்து ஓடுகிறார். பையன் போனைப் பிடுங்கி மூன்று முறை பின்னால் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: 'அண்ணா, இவன் இடுப்பக் குடுக்கவே மாட்டேங்கறான். வர்றவனுக்குத் தோளத்தான் காட்டறான், அவன் தோளுக்குப் போனதும் இடுப்பு அந்தப் பக்கம் போயிருது.' ரெய்டு போகிறவனைப் பிடிக்கிறவன் எங்கே பார்ப்பானோ அங்கே பார்த்துச் சொன்ன பேச்சு இது, ஆங்கில வர்ணனையாளர்கள் பக்கம் பக்கமாகச் சொன்னதை விடத் தெளிவு. கபடி தெரிந்த ஆள் யாராவது பக்கத்தில் இருந்தால் சேர்ந்து பாருங்கள்.

டச்டவுன் போட்டதும் வீடியோவை நிறுத்திவிட வேண்டாம், இன்னும் மூன்று வினாடி ஓடட்டும். மற்றவர்கள் ஆடுவார்கள், பந்தைத் தரையில் அடிப்பார்கள். இவர் பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடப்பார், ரேஷன் கடையில் கார்டை நீட்டுகிற முகத்தோடு.

ஒரு சீசனை மட்டும் ஆட்டம் ஆட்டமாகப் படியுங்கள், 1997. முதல் இரண்டு ஆட்டத்தில் 33, 20, மொத்தம் 53 கெஜம். 29 வயது, அந்த இடத்தில் ஆடுகிறவர்களுக்கு அது வயசான கணக்கு, ஆள் முடிந்தார் என்று எவர் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். அதற்கப்புறம் மீதி 14 ஆட்டத்திலும், ஒன்று விடாமல், 100 கெஜத்துக்கு மேல். அக்டோபரில் டாம்பா பே அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 80 கெஜத்துக்கு ஒரு டச்டவுன், 82 கெஜத்துக்கு இன்னொன்று. நவம்பர் கடைசியில் நன்றி நவிலும் நாள் ஆட்டத்தில் சிகாகோவுக்கு எதிராக 167 கெஜம், 3 டச்டவுன். டிசம்பர் 21ல் ஜெட்ஸ் அணியோடு கடைசி ஆட்டம், 184 கெஜம், ஒரு சீசனில் 2,000 கெஜம் தாண்டிய மூன்றாவது ஆள் ஆனார், 1973ல் ஓ.ஜே. சிம்ப்சன், 1984ல் எரிக் டிக்கர்சன், இப்போது இவர். 335 ஓட்டத்தில் 2,053, சராசரி 6.1. அந்த வருடத்தின் சிறந்த வீரர் பட்டத்தை பிரெட் ஃபாவ்ரோடு பகிர்ந்துகொண்டார். அதே ஜெட்ஸ் ஆட்டத்தில் லயன்ஸின் ரெஜி பிரவுன் முதுகுத்தண்டில் அடிபட்டு, மூச்சு நின்று, மைதானத்திலேயே முதலுதவி செய்து உயிரைக் காப்பாற்றினார்கள், நடந்து வந்தார், ஆனால் திரும்ப ஆடவில்லை. பக்கத்தில் எழுதச் சொன்ன அந்தத் தாளில் இதையும் எழுதுங்கள், கெஜக் கணக்கில் இது வராது.

இவ்வளவு செய்தும் அணி பிளேஆஃபில் முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்தது. அடுத்த வருடம் 1998ல் அவர் 1,491 கெஜம், அணி 5 வெற்றி 11 தோல்வி. அவருக்கு வழி விட்டுக்கொடுத்த முன்வரிசை ஆட்களில் லோமஸ் பிரவுனும் கெவின் குளோவரும் ஒருவர் பின் ஒருவராக வேறு அணிக்குப் போயிருந்தார்கள். வால்டர் பேட்டனின் 16,726 கெஜ வாழ்நாள் சாதனைக்கு இன்னும் 1,457தான் பாக்கி, அவருடைய வழக்கத்துக்கு ஒரே சீசன் வேலை. 1999 ஜூலையில், பயிற்சி முகாம் தொடங்கும் நேரத்தில், சொந்த ஊரின் விசிட்டா ஈகிள் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினார்: ஓய்வு பெறுகிறேன். காயம் இல்லை, பத்திரிகையாளர் கூட்டம் இல்லை, கண்ணீர் இல்லை. கையெழுத்துப் போட்டபோது வாங்கிய பெரிய முன்பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடு என்று கிளப் கேட்டு, விவகாரம் மத்தியஸ்தரிடம் போய், கொடுக்கத்தான் வேண்டும் என்று ஆனது. தோற்றுக்கொண்டே இருக்கிற இடத்தில் ஆடி ஆடி அலுத்துவிட்டது என்பதைப் பின்னாளில் அவரே சொன்னார். ஆக, நீங்கள் எழுதிவைத்த வெற்றி தோல்விக் கட்டத்தைப் படித்தால் அந்த ஃபேக்ஸ் ஆச்சரியம் தராது, கெஜத்தை மட்டும் படித்தால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். 2004ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். பேட்டனின் சாதனையை 2002ல் எம்மிட் ஸ்மித் உடைத்தார்.

இதையெல்லாம் படித்தபின் நேரலை பார்க்கத் தோன்றினால் நம்ம ஊர் நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஞாயிறு மதிய ஆட்டங்கள் செப்டம்பர், அக்டோபரில் இங்கே இரவு 10.30க்கு, நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் 11.30க்கு. கல்லூரி ஆட்டம் சனிக்கிழமை இரவு. சூப்பர் பவுல் திங்கள் விடிகாலை 5 மணி வாக்கில், பால் வண்டி வரும் நேரம், அதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போக முடியும், ஞாயிறு இரவு ஆட்டம் பார்த்தால் திங்கள் முழுக்கத் தூக்கம்தான். ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் நவம்பர் நான்காம் வியாழக்கிழமை, இங்கே இரவு 11 மணியைச் சுற்றி, டெட்ராய்ட் லயன்ஸ் ஆட்டம், 1934லிருந்து அந்த நாளில் ஆடுகிற வழக்கம் அவர்களுக்கு.

இரண்டாவதாக யாரைப் படிக்கலாம் என்றால் போ ஜாக்சன். 1985 ஹைஸ்மன், 1986 டிராஃப்டில் முதல் ஆளாக டாம்பா பே எடுத்தது, அவர்கள் தங்கள் விமானத்தில் அழைத்துப்போன விவகாரத்தில் கல்லூரி பேஸ்பால் ஆடும் தகுதி பறிபோன கோபத்தில் போகவே மாட்டேன் என்று பேஸ்பால் ஆடப் போய்விட்டார், அடுத்த வருடம் ரெய்டர்ஸ் அணி ஏழாம் சுற்றில் எடுத்து, பேஸ்பால் முடிந்தபின் வந்தால் போதும் என்றது, 1991 ஜனவரியில் இடுப்பில் காயம், ஃபுட்பால் அத்தோடு சரி. அவர் அட்டவணையில் நான்கே வரி, 2,782 கெஜம், சராசரி 5.4. ஒரு மாலை நேரத்தில் முடித்துவிடலாம், பக்கத்தில் பேஸ்பால் பக்கத்தையும் திறந்துவைத்துக்கொண்டு தேதி பார்த்துப் படியுங்கள், இல்லாவிட்டால் ஏன் ஒவ்வொரு வருடமும் பாதி சீசன் காணோம் என்று குழம்புவீர்கள்.